பாஞ்சாலையின் சேப்டி டேங்கு

பாஞ்சாலைக்குக் கனவு வந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் பட்டறையில் வேலை தாமதமாகத்தான் தொடங்கும். வந்து உட்காருவாள். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைப்பாள். முதல் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நேத்து ராத்திரி என்னா வந்துது தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். சுற்றியிருக்கும் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் எரிச்சலோடு அச்சைத் தட்டிக்கொண்டிருப்பேன். காது என்னவோ அவள் பக்கம்தான் இருக்கும்.

என் பெயர் கலியமூர்த்தி. விருத்தாசலத்தில் பீங்கான் வேலை சூடுபிடித்த அறுபதுகளில் நான் ஒரு தனியார் பட்டறையில் அச்சுக்காரன். வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து எடுப்பது என் வேலை. பிரித்தெடுத்த பச்சைப் பண்டத்தின் விளிம்பையும் தழும்பையும் ஈர ஸ்பாஞ்சால் தடவி வழுவழுப்பாக்குவது பெண்களின் வேலை. அதற்கப்புறம்தான் மேல்பூச்சு, சூளை எல்லாம். ஊரில் பொம்மை செய்தவர்கள் இருந்தார்கள், ஊறுகாய் ஜாடி செய்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் செய்தது கக்கூஸ் கோப்பை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது "பீங்கான் கம்பெனி" என்பதோடு என் அப்பா நிறுத்திக்கொண்டார். ஜாடி என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

பாஞ்சாலை ஒல்லியான பெண். எந்நேரமும் பாதி மூடிய கண். இமையில் வெள்ளை மண் படிந்து, பார்க்கிறவர்களுக்கு இவள் தூங்குகிறாளா வேலை செய்கிறாளா என்று சந்தேகம் வரும். கை மட்டும் நிற்காது. அவள் தடவிய கோப்பையில் ஒரு தழும்பைக் காட்டுங்கள் என்று மேஸ்திரியிடம் நானே பந்தயம் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோப்பையின் அடிவிளிம்பிலும், வெளியே தெரியாத இடத்தில், கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்துவாள். ஏன் என்று கேட்டால், அது போற வூட்டுக்கு நான் போன மாதிரி என்பாள்.

அந்த வீடுகளுக்கு அவளுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தவள் அவளுடைய அம்மா கண்ணம்மாள். வாசல் வழியாக அல்ல. சன்னதி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும். அதற்குள் எடுப்புக் கக்கூஸின் வாளி. ஊர் காபி குடிப்பதற்குள் கண்ணம்மாள் அந்தக் கதவைத் திறந்து, வாளியை இழுத்து, தன் கூடையில் கொட்டி, சாம்பல் தூவிவிட்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். கூடை நிறைந்ததும் தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே. மழை பெய்தால் அது முகத்தில் ஒழுகும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இப்படித்தான் நடந்தது, எல்லோருக்கும் தெரிந்துதான் நடந்தது. அவளை வயதில் சிறியவர்களும் வா, போ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாஞ்சாலை பட்டறைக்கு வந்த புதிதில் பெண்கள் தங்கள் தண்ணீர்ப் பானையைத் தள்ளி வைத்தார்கள். களிமண் ஒரு நல்ல காரியம் செய்தது. மத்தியானத்துக்குள் எல்லோரையும் ஒரே நிறமாக்கிவிடும். கொஞ்ச நாளில் பானை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கனவு கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார வேண்டுமே.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அம்மா தலையிலிருந்து கூடை இறங்க வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நானும் தம்பியும் சம்பாதிக்கிறோம், நீ சும்மா இரு என்று கெஞ்சியிருக்கிறாள். அந்த வீட்டுச் சோறுதான் உங்களை வளர்த்தது, நான் போகாவிட்டால் இன்னொருத்தி போகப்போகிறாள் என்று கண்ணம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளாம். ஆகவே பாஞ்சாலை வேறு கணக்குப் போட்டாள். அம்மாவை நிறுத்த முடியாவிட்டால் கதவுகளை மூடிவிடலாம். ஒரு கோப்பை போனால் ஒரு தகரக் கதவு மூடும். எல்லாக் கதவும் மூடிவிட்டால் அம்மா எங்கே போவாள்?

எங்கள் பட்டறையில் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் தங்கதுரை. வண்டி கிளம்பும்போதெல்லாம் பாஞ்சாலை தலையைத் தூக்கி, எந்த ஊருக்கு என்று கேட்பாள். பெண்ணாடம், மங்கலம்பேட்டை என்றால் மறுபடியும் கண் பாதி மூடிக்கொள்ளும். சன்னதி வீதி என்றால் அன்று முழுக்க விழித்திருப்பாள்.

சன்னதி வீதிக்கு முதல் கோப்பை போனது அரிசி மண்டி பச்சமுத்து வீட்டுக்கு. கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, செங்கல் கட்டி, நடுவில் குறுக்குச்சுவர் வைத்து, மேலே கல் பலகை போட்டு மூடினார்கள். கட்ட வந்த கடலூர்க் கொத்தனார் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். தங்கதுரை கோப்பையை இறக்கப் போனவன் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொன்னான்: சேப்டி டேங்கு. நாலாம் பாரம் வரை படித்தவன் அவன். சேப்டி என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமும் சொன்னான். உள்ளே போனதை உள்ளேயே இருக்கிற பூச்சிகள் தின்றுவிடும், வெறும் தண்ணீர்தான் வெளியே போகும், மனுசன் கை வைக்கவே வேண்டாம் என்று கொத்தனார் சொன்னதையும் ஒப்பித்தான்.

பாஞ்சாலை அந்த வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்ட மாதிரிதான் அன்று வீட்டுக்குப் போனாள். சேப்டி டேங்கும்மா, யாரும் தொட வேணாம், பயமே இல்ல என்று தினம் அம்மாவிடம் சொன்னாள். படுக்கும்போது சொன்னாள், தலைவாரும்போது சொன்னாள். சொல்லிச் சொல்லி அது அந்தக் குடிசையில் ஒரு தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கனவு வந்தது. மணிமுத்தாற்றில் கரைபுரண்டு தண்ணீர் போகிறது. நாங்கள் செய்த கோப்பைகள் எல்லாம் வாத்துக் கூட்டம் மாதிரி மிதந்து போகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற கோப்பையில் கண்ணம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பட்டறையே சிரித்தது. கக்கூஸ் கோப்பையில் பரிசல் விட்டவள் உன் அம்மா ஒருத்திதான் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். பாஞ்சாலை சிரிக்கவில்லை. ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கூடை இல்ல, வெளக்குமாறு இல்ல. ரெண்டு கையும் வெறுமனே இருந்துது."

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கோப்பைக்குத் திரும்பினார்கள்.

கண்ணம்மாளுக்குக் கனவே வராது. படுத்தால் கட்டைதான், விடியும்போதுதான் உயிர் வரும் என்பாளாம். அம்மாவின் பங்கையும் நானே பார்த்துவிடுகிறேன் என்று பாஞ்சாலை எங்களிடம் சொல்லுவாள்.

வருஷங்கள் மெதுவாகப் போயின. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது. சூளைப் புகை மேலே போகாமல் கூரைக்குமேல் நிற்கும். மரப்பலகைகளில் வரிசையாகக் காயும் கோப்பைகள். ரோட்டில், வேலியில், ஆட்டின் முதுகில் எல்லாம் வெள்ளைத் தூசி. ஊரே உண்ட மயக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலை அந்தச் சந்து வழியாக நடந்து போவாள். எந்தத் தகரக் கதவைப் பிடுங்கிவிட்டுச் செங்கல் வைத்திருக்கிறார்களோ அந்த இடத்தில் நின்று பூச்சைத் தொட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு கதவுகள் குறைந்தன. கண்ணம்மாள் காலையில் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினாள். அவ்வளவுதான். அவளுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று மகளுக்கே தெரியவில்லை.

முதல் கதவை மூடிய வீடு என்பதால் பச்சமுத்து வீட்டின்மேல் பாஞ்சாலைக்குத் தனிப் பிரியம். எங்கள் பட்டறையில் கழித்துப்போட்ட வெள்ளை மண்ணைக் கேட்டவர்களுக்குச் சும்மா கொடுப்போம். பொங்கலுக்கு அதைக் கரைத்துக் கஞ்சி சேர்த்துச் சுவருக்கு அடித்தால் சுண்ணாம்பு தோற்றுப்போகும். ஊரில் பாதிச் சுவர்கள் எங்கள் மண்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் பாஞ்சாலை ஒரு சாக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் பச்சமுத்துவின் மனைவி அமிர்தம் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். கொல்லைப்புறமாகத்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டே வருவாள்.

எழுபத்திரண்டில் மாசி மகம் நெருங்கிய சமயம். பச்சமுத்து வீட்டுக்குச் சேலத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் தேருக்கு வரப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கோப்பையில் தண்ணீர் நின்றுவிட்டது. ஊற்றினால் மேலே ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. பினாயில் ஊற்றினார்கள், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள், தென்னை ஈர்க்கை விட்டுக் குத்தினார்கள். பழைய தகரக் கதவையும் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாதபோது அந்த வீதிக்கு எப்போதும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும். அமிர்தம் அம்மாள் கண்ணம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். தொட்டி ரொம்பிவிட்டது போலிருக்கிறது, உன் மகனை வந்து இறங்கிப் பார்க்கச் சொல்லு என்று.

பாஞ்சாலையின் தம்பி கொளஞ்சியப்பன் ரயில்வே ஜங்ஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட இல்லை. அம்மாவின் வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இருந்தவன். அவன் தயங்கியிருக்கிறான். அப்போது கண்ணம்மாள் சொன்னதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான்.

"ஒங்க அக்காதான் தெனம் சொல்றாளேடா. அது சேப்டி டேங்கு. பயமே இல்லியாம். அந்த வூட்டு அம்மா நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க, போயி பாத்துட்டு வந்துடு."

சரக்கு இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பிய தங்கதுரைதான் பட்டறையில் வந்து சொன்னான். ஒன் தம்பி ஏணியும் கயிறுமா சன்னதி வீதியில போயிட்டிருக்கான், மண்டிக்காரர் வூட்டு டேங்க தொறக்கப் போறாங்களாம் என்று. சாதாரணமாகத்தான் சொன்னான். பாஞ்சாலை கையிலிருந்த ஸ்பாஞ்சு கோப்பைக்குள் விழுந்தது.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் பட்டறையிலேயே ஒன்று நடந்திருந்தது. ரொம்ப நாள் பலகை போட்டு மூடிக் கிடந்த பழைய களிமண் தொட்டியில் ஒருவன் சுத்தம் செய்ய இறங்கி, இறங்கிய வேகத்தில் சுருண்டு விழுந்தான். நாங்கள் கொக்கி போட்டு இழுத்துப் பிழைக்க வைத்தோம். மூடிக்கிடந்த குழியில் கெட்ட காற்று இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் அன்றிலிருந்து தெரியும். பாஞ்சாலைக்கும் தெரியும். ஆனால் அது குழி, இது சேப்டி. இரண்டையும் அவள் அந்த மத்தியானம் வரைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. நான் மட்டும் பார்த்தேனா என்ன?

அவள் ஓடி அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கேட் வரை போனவளை நிறுத்தி என் சைக்கிள் கேரியரில் ஏறச் சொன்னேன். ஊர் என்ன பேசும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. வழிநெடுக அவள் அழவில்லை. "நான்தான் சொன்னன், நான்தான் சொன்னன்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பின் சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்தோம். வெயில் அசையாமல் கிடந்தது. கல் பலகையை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தார்கள். அமிர்தம் அம்மாள் அடுக்களை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கொளஞ்சியப்பன் ஏணியை எங்கே ஊன்றலாம் என்று பார்ப்பதற்காக முட்டிபோட்டுத் தலையை உள்ளே விட்டிருந்தான். கண்ணம்மாள் கயிற்றின் ஒரு முனையைப் பத்திரமாகக் கையில் பிடித்திருந்தாள். மறுமுனை எதிலும் கட்டப்படாமல் தரையில் சுருளாகக் கிடந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முதுகு தளர்ந்தது. தூக்கம் வந்தவன் சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், தலைகுப்புற உள்ளே வழுக்கினான். கண்ணம்மாள் அவன் இன்னும் குனிகிறான் என்று நினைத்து, பாத்துடா என்றாள். பாஞ்சாலை அவன் கால்கள்மேல் விழுந்தாள். நான் வேட்டி முடிச்சைப் பிடித்தேன். அரைஞாண் கயிறு அறுந்தது, நல்லவேளையாக முடிச்சு நின்றது. மூட்டை தூக்குகிறவன், கனம் சாமானியமில்லை. எப்படி இழுத்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கல் பலகையின் விளிம்பு அவன் முழங்காலுக்குக் கீழே தோலைச் சீவிவிட்டது.

முருங்கை மரத்தடியில் கிடத்தினோம். முகம் சாம்பல் பூத்திருந்தது. மரத்திலிருந்து வெள்ளைப் பூக்கள் அவன் நெஞ்சில் உதிர்ந்துகொண்டிருந்தன. யாரும் தட்டிவிடவில்லை. பாஞ்சாலை அவன் தாடையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணம்மாள் கயிற்றை விடவேயில்லை. அவ்வளவு அமைதியான மத்தியானத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவன் இருமினான். கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தான்.

"நல்லா தூக்கம் வந்துதுக்கா" என்றான். "அப்பிடியே படுத்துக்கலாம்னு இருந்துது."

அமிர்தம் அம்மாள் உள்ளே ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். பதறித்தான் போயிருந்தார், அதில் சந்தேகமில்லை. அந்தப் பதற்றத்திலும் மோரைக் கொட்டாங்கச்சியில்தான் கொண்டுவந்தார். கை அதுவாகவே எடுத்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்குப் பதில் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, கோப்பையிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாயைச் சுவரோரத்து மூடி வழியாகக் குத்தினேன். குழாய் வளைகிற இடத்தில் கழி மெத்தென்று முட்டி நின்றது. வெளியே இழுத்தால் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. கழுவி விரலில் தேய்த்துப் பார்த்தேன். தூக்கத்தில் கொடுத்தாலும் எனக்கு அது தெரியும். எங்கள் பட்டறை மண்.

விசாரித்ததில் விஷயம் ரொம்பச் சின்னது. பொங்கலுக்குச் சுவர் அடித்து முடித்ததும் மிச்ச வெள்ளையையும் வாளி, பூச்சு மட்டை கழுவிய தண்ணீரையும் எங்கே ஊற்றுவது? முற்றத்தில் ஊற்றினால் திட்டுத்திட்டாக வெள்ளை நிற்கும். கோப்பையில் ஊற்றினால் வெள்ளையோடு வெள்ளை, ஒரு செம்பு தண்ணீரில் போயே போய்விடும். வருஷா வருஷம் போனது. போனதெல்லாம் வளைவில் உட்கார்ந்து பாறையாகிவிட்டது. வேறு எந்த ஊரிலும் இப்படி அடைத்திருக்காது. தொட்டி நிறையவே இல்லை. யாரும் இறங்கவே வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பட்டறையில் கூழ் கெட்டிப்பட்டால் கொஞ்சம் சலவைச் சோடாவைப் போடுவோம், இளகி ஓடும். இது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் பின்னாலேயே வந்துசேர்ந்திருந்த தங்கதுரையை அனுப்பி ஒரு பொட்டலம் எடுத்துவரச் சொன்னேன். சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, மேலே நின்றபடியே கழியால் குத்திக் குத்தி எடுத்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் கோப்பை மடக்கென்று தண்ணீரைக் குடித்தது. அமிர்தம் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். மாசி மகத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், தேர் பார்த்தார்கள், ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

பாஞ்சாலை அன்று திரும்பும்போது சைக்கிளில் ஏறவில்லை. நடந்தே வந்தாள்.

"வார்த்தையும் நான் குடுத்தது. மண்ணும் நான் குடுத்தது" என்றாள்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன்.

மறுநாள் தம்பியின் காலுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கம்பவுண்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் செப்டிக் ஆகிவிடும், ஊசி போட்டுக்கொள் என்றார். காலு எப்படிங்க சேப்டி ஆவும் என்று பாஞ்சாலை கேட்டாள். அவர் சிரித்தார். சேப்டி இல்லம்மா, செப்டிக்கு. சீழ் பிடித்து அழுகிப்போவதற்கு அந்தப் பெயர் என்றார். அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கொல்லையில் கட்டுகிறார்களே அந்தத் தொட்டிக்கும் இதே பெயரா என்று கேட்டாள். அதேதான், உள்ளே அழுகத்தானே விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதை எங்களிடம் சொன்னபோது அவள் கண் முழுசாகத் திறந்திருந்தது. தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டான். அவனைச் சொல்லி என்ன பயன்? ஊரே இன்றுவரை சேப்டி டேங்கு என்றுதான் சொல்கிறது.

அதன் பிறகு அவள் கனவு சொல்வதை நிறுத்திவிட்டாள். வருவாள், உட்காருவாள், தடவுவாள். பட்டறையில் வேலை சரியான நேரத்துக்குத் தொடங்கியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோப்பை வாங்க வருகிறவர்களிடம் மட்டும் வாய் திறப்பாள். தொட்டிக்குக் காற்றுக்குழாய் வைக்கிறீர்களா, சுவர் அடித்த தண்ணீரை ஊற்றாதீர்கள், அடைத்தால் மேலிருந்தே குத்துங்கள், மூடியைத் திறந்து ஆளை எட்டிப்பார்க்க விடாதீர்கள் என்பாள். வாங்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சரக்கு விற்க வேண்டாமா என்று மேஸ்திரி சத்தம் போடுவார். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிவிளிம்பில் விரல் பதிப்பதையும் விட்டுவிட்டாள். அந்த வீடுகளுக்குப் போக அவளுக்கு இப்போது ஆசை இல்லை.

கண்ணம்மாள், மகன் விழுந்த மறுநாள் காலையிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மிச்சமிருந்த கதவுகளைத் திறந்தாள். பாஞ்சாலை இந்தத் தடவை போகாதே என்று கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? கதவை மூடினாலும் அம்மாவைக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடை இறங்கப்போவதில்லை என்று என்னிடமே ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அச்சைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில் அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். ஸ்பாஞ்சை நனைத்தாள். கோப்பையை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அச்சைத் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"கனவு எனக்கு வர்ல" என்றாள். "அம்மாவுக்கு வந்துது."

அதே ஆறு. அதே தண்ணீர். மகள் தன் கனவாகச் சொல்லிவைத்த அதே கோப்பைகள். கண்ணம்மாள் முன்னால் உட்கார்ந்து போகிறாள். கூடை இல்லை, விளக்குமாறு இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்ததாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், அடுத்த கோப்பையில் கொளஞ்சியப்பன் படுத்திருக்கிறான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. சூளைக்குப் போகாத பச்சைப் பண்டம் மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், எழுந்திருக்கவில்லை. தூக்கப் போகிறாள். இரண்டு கையும் வெறுமனேதான் இருக்கிறது, ஆனாலும் தூக்க முடியவில்லை. அலறிக்கொண்டு எழுந்து, இருட்டில் தடவிப்போய் மகன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு விடியும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

விடிந்தது. கூடை சுவரோரம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கண்ணம்மாள் அதற்கப்புறம் வேப்பூர்ப் பக்கம் கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போனாள். வெயிலில் கருத்து, முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டு, நிறைய வருஷம் இருந்தாள். அவளுக்குப் பதிலாக அந்தச் சந்துக்கு யாரும் கிடைக்கவில்லை. பத்து வருஷமாகக் காசில்லை, இடமில்லை, சாஸ்திரம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளுக்கு அந்த ஒரு கோடைக்குள் எல்லாம் கிடைத்துவிட்டது. எங்கள் பட்டறையில் சரக்கு தட்டுப்பாடு. கோப்பைகள் கதவுகளை மூடும், அம்மா நிற்பாள் என்று பாஞ்சாலை காத்திருந்தாள். அம்மா நின்றாள், கதவுகள் மூடின.

ஆனால் அந்தக் காலையில் அது எதுவும் நடந்திருக்கவில்லை. பாஞ்சாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியும் ஆளைக் காணாமல், வாளி நிறைந்து கிடக்கிறது என்று, சந்தில் மிச்சமிருந்த வீடு ஒன்றிலிருந்து ஆதிலட்சுமி அம்மாள் தானே தேடிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணம்மாள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குடிசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டார். கண்ணம்மாள் வெளியே வந்தாள். உடம்பு நன்றாக இருக்கிறது, ராத்திரி ஒரு கனவு வந்துவிட்டது, இனிமேல் வருவதற்கில்லை என்று நிதானமாகச் சொன்னாள்.

ஆதிலட்சுமி அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கனவு வந்தால் யாராவது வேலையை விடுவார்களா, இத்தனை வருஷம் நீ வந்துகொண்டுதானே இருந்தாய் என்று கேட்டார்.

"இத்தன வருசமா கனவு வர்லிங்க" என்றாளாம் கண்ணம்மாள். "அதனாலதான் வந்துட்டிருந்தன்."